மாசி முதல் வைகாசி வரை: டெல்டாவின் வறண்ட காற்றுக்கும் தீக்கும் தயாராவது எப்படி?

காவிரி டெல்டாவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்காகவும், வெளியூர் வேலையை விட்டு ஊர் திரும்பி நிலம், மாடு என்று தொடங்கியிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். புயலைப் பற்றி இங்கே எல்லோரும் சொல்லித் தருவார்கள். ஐப்பசி வந்தால் ஊரே தயாராகிவிடும். மாசிக்குப் பிறகு வரும் வறண்ட காற்றைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டியே எச்சரிப்பதில்லை. பாபநாசம் பக்கத்தில் எங்கள் மாமனார் வீட்டு வைக்கோல்போரும் அதையொட்டிய கொட்டகையும் ஒரு பங்குனியில் எரிந்தன. தீ அன்றைக்கே அணைந்துவிட்டது. சான்று, மனு, மகசர் (அதிகாரிகள் இடத்தைப் பார்த்து எழுதும் பதிவு), நகல் என்று அதன்பின் அலைந்ததுதான் மாதக்கணக்கில் நீண்டது. எந்தத் தாளை எந்த வரிசையில் வாங்க வேண்டும் என்று அப்போது ஒருவர் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும். உங்களுக்கு அது வேண்டாம்.

1. முதலில் காற்றின் ஒழுங்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடப்படும். மறுபடி திறக்கும் நாள் ஜூன் 12. இடைப்பட்ட மாதங்களில் வெண்ணாறும் குடமுருட்டியும் அரசலாறும் மணலாகக் கிடக்கும். வாய்க்கால் கரைகளில் நாணலும் கோரையும் காய்ந்து நிற்கும். சம்பா, தாளடி அறுவடை முடிந்து வைக்கோல் வீடு வந்து சேர்வதும் இதே நேரத்தில்தான். ஊரில் எரியக்கூடியது அதிகமாகவும் தண்ணீர் குறைவாகவும் இருக்கும் காலம் இது.

மாசி, பங்குனியில் காலை வேளையில் நிலத்திலிருந்து மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று, மெதுவாக வரும். வெயில் ஏறியதும் கடற்காற்று கிழக்கிலிருந்து நுழையும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் முற்பகலிலேயே வந்துவிடும். தஞ்சாவூர், திருவையாறு வரை எட்டுவதற்கு மாலையாகிவிடும், சில நாள் வராமலே போய்விடும். கடற்காற்று வராத நாளில் வெயில் கொளுத்தும், ஈரப்பதமும் கீழே இறங்கும்.

திசை மாறுகிற அந்த நேரத்தைத்தான் புதிதாக வந்தவர்கள் கவனிப்பதில்லை. காற்று கிழக்கே தள்ளுகிறது, வீடு மேற்கே இருக்கிறது, பயமில்லை என்று காலையில் கரும்புச் சோகைக்குத் தீ வைப்பார்கள். மத்தியானம் காற்று திரும்பும். அணைந்ததாக நினைத்த இடத்தில் கனன்றுகொண்டிருந்த பொறி அப்போது வீட்டுப் பக்கம் கிளம்பும். காலையில் எந்தத் திசை பாதுகாப்பாகத் தெரிகிறதோ, மத்தியானத்துக்கு மேல் அந்தத் திசைதான் ஆபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரையிலும் வைகாசியிலும் கோடைமழை. மேகம் திரண்டு, மழைக்கு முன்னால் புழுதியோடு ஒரு வீச்சு அடிக்கும். மழை பக்கத்து ஊரில் பெய்ய, காற்று மட்டும் நம் ஊருக்கு வந்துவிட்டுப் போவதும் உண்டு. பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் வரும், அதாவது அடுப்பு எரிகிற நேரத்தில்.

2. எந்த அறிவிப்பை எப்போது பார்ப்பது

எல்லாமே இலவசம். இந்திய வானிலை ஆய்வுத் துறை பிப்ரவரி கடைசி வாக்கில் மார்ச் முதல் மே வரைக்குமான பருவப் பார்வையை வெளியிடும். வெப்பநிலை இயல்பைவிடக் கூடுமா, வெப்ப அலை நாட்கள் அதிகமா என்று நாடு முழுவதற்குமான வரைபடத்தில் நிறம் தீட்டிக் காட்டியிருப்பார்கள். வைக்கோல்போரை எங்கே போடுவது, கூரையை இந்த ஆண்டு மாற்றுவதா என்று முடிவெடுக்க அது போதும். நாளை தீ மூட்டலாமா என்பதற்கு அதில் பதில் இருக்காது. ‘இயல்பை ஒட்டி இருக்கும்’ என்று வந்தாலும் நிம்மதியடைய வேண்டாம். நம் பங்குனியின் இயல்பே வறட்சிதான்.

வாரத்துக்கு இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும், மாவட்ட வாரியான வேளாண் வானிலை அறிக்கை வரும். ‘மேகதூத்’ செயலியில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் தமிழிலேயே கிடைக்கும். காற்றின் வேகமும் காலை, மாலை ஈரப்பதமும் அதில் இருக்கும்.

தினசரி அறிக்கை சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்திலிருந்து வரும். ‘ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை, தரைக்காற்று மணிக்கு 30 முதல் 40 கி.மீ. வேகத்தில்’ என்ற வரியை இந்த மாதங்களில் அடிக்கடி பார்ப்பீர்கள். ‘ஓரிரு இடங்கள்’ என்றால் கணக்குப்படி கால் பங்குக்கு மேற்படாத இடங்கள். ‘நமக்கெங்கே வரப்போகிறது’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கணக்கு மழைக்குத்தான். மழை பெய்யும் இடத்தைத் தாண்டியும் காற்று பரவும் என்பதால் அந்த வரி வந்த நாளில் மாலைக்குத் தயாராக இருங்கள்.

மூன்று மணி நேரத்துக்கான உடனடி எச்சரிக்கையைப் பிற்பகலில் ஒருமுறை பாருங்கள். மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே செயல்படு. காரைக்காலில் வானிலை ரேடார் இருக்கிறது. அதன் படத்தை வானிலைத் துறை இணையதளத்தில் திறந்து, சில நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்தால் மேகக்கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று நீங்களே சொல்லிவிடலாம். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட உதவியது இதுதான். மின்னலுக்கு ‘தாமினி’, மாநில அரசின் எச்சரிக்கைகளுக்கு ‘டிஎன்-அலர்ட்’ ஆகிய செயலிகள் போதும்.

இரண்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள். கைபேசியில் முதலில் தெரியும் காற்று வேகம் சராசரி. ‘கஸ்ட்’ என்று தனியாக ஓர் எண் இருக்கும், அது திடீர் வீச்சின் வேகம். தகரத்தைத் தூக்குவது அந்த வேகம். காற்று இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். இன்னொன்று, மீனவர் அறிக்கைகளில் சில நேரம் வேகம் நாட் கணக்கில் இருக்கும். ஒரு நாட் என்றால் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.

வாட்ஸ்அப்பில் தேதியில்லாமல் வரும் எச்சரிக்கையை ஒதுக்கிவிடுங்கள்.

3. தினமும் மூன்று எண்கள்

காட்டுத்தீக்கு இந்திய வன ஆய்வு நிறுவனம் எச்சரிக்கை தருகிறது. நம் வயலுக்கும் கூரை வீட்டுக்கும் என்று ‘இன்றைய தீ அபாயம் இவ்வளவு’ என்ற தினசரி அறிவிப்பு வருவதில்லை. நாமே கணக்குப் போட வேண்டியதுதான். நான் பார்ப்பது இவை: பகல் வெப்பம் 35 டிகிரிக்கு மேலா, மத்தியான ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழா, கஸ்ட் 30 கி.மீ.-க்கு மேலா. இவை எங்கள் ஊருக்கு நானே வகுத்துக்கொண்ட அளவு, அரசு விதி அல்ல. கடலோரத்தில் ஈரப்பதம் இவ்வளவு இறங்காது, அங்கே காற்றுக்கு அதிக மதிப்புக் கொடுங்கள்.

மூன்றில் இரண்டு சேர்ந்தால் காலை ஒன்பது மணிக்கு மேல் வெளியே தீ மூட்டுவதில்லை. மூன்றும் சேர்ந்தால் அன்றைக்குக் குப்பை எரிப்பு, வெல்டிங், நெல் அவித்தல், வெளி அடுப்பு எதுவும் கிடையாது. மழை பெய்து எத்தனை நாளாகிறது என்பதையும் மனதில் வையுங்கள். ஒரு கோடைமழைக்கு மறுநாளும் போரின் வெளிப்புறம் காய்ந்து பற்றக்கூடிய நிலைக்கு வந்துவிடும்.

4. வைக்கோல்போர்

இதில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டாவில் எரிவது பெரும்பாலும் இதுதான்.

இடம். வீட்டிலிருந்தும் கொட்டகையிலிருந்தும் குறைந்தது 50 அடி தள்ளிப் போடுங்கள். இந்தப் பருவத்தின் காற்று மேற்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோதான் அதிகம் வரும். அதனால் வீட்டுக்கு நேர் கிழக்கிலோ நேர் மேற்கிலோ போர் வேண்டாம். வடக்கே அல்லது தெற்கே இடம் இருந்தால் அதுதான் நல்லது. ‘மாட்டுக்கு எடுத்துப்போட வசதி’ என்று கொட்டகையை ஒட்டிப் போடச் சொல்வார்கள். இரண்டு நாளுக்கு வேண்டியதை மட்டும் கொட்டகையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுகள் நிறைய இருந்தால் ஒரே போராகப் போடாமல் இரண்டாகப் பிரித்து, நடுவே வண்டி போகும் அளவு இடைவெளி விடுங்கள். ஒன்று போனாலும் மற்றொன்று மிஞ்சும்.

மேலே பாருங்கள். மின்கம்பிக்கு அடியில் போர் கூடவே கூடாது. காற்றில் இரண்டு கம்பிகள் உரசினால் உருகிய துளி கீழே விழும், காய்ந்த வைக்கோலுக்கு அது ஒன்று போதும். தெருவோரத்தில் போட்டால் பீடித் துண்டும் வெடிச் சிதறலும் வரும். திருவிழா வாணமும் இறுதி ஊர்வல வெடியும் போகிற வழியை ஊர்ப் பெரியவர்களிடம் முன்பே கேட்டுக்கொள்ளலாம். போர் இருக்கும் இடத்தைத் தாண்டிப் போய் வெடிக்கச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள்.

ஈரம். பச்சையாக அல்லது மழையில் நனைந்து அடுக்கிய வைக்கோல் உள்ளே புளித்து, சூடேறி, வெளியிலிருந்து நெருப்பே படாமல் தானாகப் பற்றும். இயந்திரத்தில் இறுக்கிச் சுருட்டிய கட்டுகளில் காற்றோட்டம் குறைவு, சூடு உள்ளேயே தங்கும். வாங்கும்போது ஒரு கட்டைப் பிரித்து உள்ளே கைவிட்டுப் பாருங்கள். கதகதப்பாக இருந்தாலோ புளித்த வாடை அடித்தாலோ வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுக்கிய பிறகும் முதல் சில வாரம் இப்படிப் பார்க்க வேண்டும். சூடான போரைக் கண்டால் அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். உள்ளே காற்றுப் புகுந்ததும் எரியத் தொடங்கும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, தண்ணீரோடு பிரியுங்கள்.

வண்டி. வைக்கோல் ஏற்றிய டிராக்டரும் மினி லாரியும் தாழ்வான கம்பியில் உரசிப் பற்றுவது ஒவ்வோர் அறுவடையிலும் நடக்கிறது. பாரம் ஏற்றும் முன்பே வண்டி வரப்போகும் பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள். தெருவைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டர், அதாவது சுமார் 19 அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அதைவிடத் தொங்கினால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். மனுவில் கம்பத்தின் எண்ணைக் குறிப்பிட்டு, தொங்கும் கம்பியின் படத்தையும் இணையுங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் புகாரைப் பதிந்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். பின்னால் அந்தக் கம்பியால் தீ வந்தால் முன்பே சொன்னதற்கு உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் இந்தப் புகார்தான்.

கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க: உளுந்து, எள் அடிக்கச் சாலையில் பரப்பியிருந்தால் அதன்மேல் ஓட்டாதீர்கள். செடி அடியில் சுற்றிக்கொண்டு, புகைக்குழாய்ச் சூட்டில் கார் பற்றிக்கொள்ளும். இறங்கி ஓரம் ஒதுக்கச் சொல்லுங்கள், ஒதுக்கித் தருவார்கள்.

5. வீடு, அடுப்பு, தண்ணீர்

கீற்றுக் கூரை என்றால் அடுப்பைக் கூரைக்கு அடியிலிருந்து வெளியே எடுத்து, மூன்று பக்கம் மண் சுவரோ தகரமோ மறைப்பாக வையுங்கள். சாம்பலைக் குப்பைக்குழியில் கொட்டுமுன் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். இரவில் கொட்டிய சாம்பல் மறுநாள் காற்றில் கிளறப்பட்டுப் பொறி பறப்பதை இங்கே அடிக்கடி கேள்விப்படுவீர்கள். எரிவாயு அடுப்பின் ரப்பர் குழாய்க்குக் காலாவதி ஆண்டு அதன் மேலேயே அச்சாகியிருக்கும். வாயுக் கசிவுக்கு அழைக்க 1906.

தண்ணீர் விஷயத்தில் நான் மிகவும் வற்புறுத்துவது ஒன்று. தீ பிடித்தால் மின்சாரத்தை நிறுத்துவார்கள், நிறுத்தவும் வேண்டும். அப்போது உங்கள் போர்வெல் மோட்டார் ஓடாது. ‘கொல்லையிலேயே போர்வெல் இருக்கிறது’ என்று நம்பி இருக்காதீர்கள். தொட்டியில், டிரம்மில், குறைந்தது ஆயிரம் லிட்டராவது எப்போதும் இருக்கட்டும், பக்கத்தில் வாளிகளும். டீசல் என்ஜின் யார் வீட்டில் இருக்கிறது, குளத்தில் தண்ணீர் கிடக்கிறதா என்று மாசியிலேயே தெரிந்து வையுங்கள். தீயணைப்பு வண்டியில் பொதுவாக 4,500 லிட்டர்தான் வரும், சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். அடுத்த நிரப்பு எங்கே என்று அவர்கள் உங்களைத்தான் கேட்பார்கள். ஆறு காய்ந்திருக்கும் காலத்தில் கோயில் குளமும் டீசல் என்ஜினும்தான் விடை.

வண்டி உள்ளே வர வழி விடுங்கள். தெரு முனையில் பந்தக்கால், சந்தில் நிறுத்திய டிராக்டர் இதெல்லாம் பெரிய தடை.

6. காற்றுக்கு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தகரத்தை ஆணி மட்டும் அடித்து விடாமல் ‘ஜே’ போல்ட் போட்டு, கயிறோ இரும்புப் பட்டையோ குறுக்கே கட்டுங்கள். வாழைக்குத் தார் தள்ளும் முன்பே சவுக்குக் கழி முட்டுக் கொடுத்து, அடிமண் அணையுங்கள். தென்னையில் காய்ந்த மட்டையையும் பன்னாடையையும் பங்குனிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும், அவை விழவும் செய்யும், எரியவும் செய்யும். கம்பியைத் தொடும் கிளையை நீங்களே வெட்டாதீர்கள், மின்வாரிய ஆட்களை வரவழையுங்கள். பந்தல் போடும் விசேஷம் என்றால் கீற்றையும் சமையல் கொட்டகையையும் சேர்த்துப் போட விடாதீர்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ல் 94 குழந்தைகள் இறந்த பள்ளித் தீ, சமையல் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியதால் வந்தது.

7. தாள்களை இப்போதே வெளியே எடுங்கள்

கூரைக்கடியில் தகரப் பெட்டியில் தாள்களை வைப்பது நம் வழக்கம். தீயில் தகரம் காப்பாற்றாது. பத்திரத்தின் அசலை வங்கிப் பெட்டகத்திலோ கல்கட்டிடத்தில் இருக்கும் உறவினரிடமோ கொடுத்து வையுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் கைபேசியில் தெளிவாகப் படம் எடுத்து, இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள்: குடும்ப அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், மின் இணைப்பு எண், வீட்டு வரி ரசீது, வாகனப் பதிவு, மதிப்பெண் சான்று. பட்டா, சிட்டா அரசு இணையதளத்தில் கட்டணமில்லாமல் கிடைக்கும், இறக்கி வையுங்கள்.

பெயர் எழுத்து எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரில் ஓர் இனிஷியல், வங்கியில் வேறு என்றால் நிவாரணத் தொகை அங்கேயே நின்றுவிடும். தீ பிடித்த பிறகு திருத்தப் போனால் இரட்டை வேலை.

கோயில், மட நிலத்தில் அடிமனையாக (மனை அவர்களுடையது, வீடு நம்முடையது) குடியிருப்பவர்கள் டெல்டாவில் ஏராளம். பட்டா உங்கள் பெயரில் இருக்காது. வீட்டு வரி ரசீதும் மின் கட்டண ரசீதும் குடும்ப அட்டை முகவரியும்தான் உங்கள் ஆதாரம், மூன்றிலும் ஒரே கதவு எண் இருக்கட்டும். குத்தகை சாகுபடி என்றால் கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ.விடம் சாகுபடிச் சான்று வாங்குங்கள். சொந்த நிலமானாலும் அடங்கலில் (வி.ஏ.ஓ.வின் பயிர்ப் பதிவேடு) இந்தப் பருவத்துப் பயிர் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். வாழை நிற்கும் வயல் அடங்கலில் தரிசு என்றிருந்தால் காற்றில் சாய்ந்த வாழைக்கு எந்தக் கணக்கிலும் பணம் வராது.

ஒரு நாள் வீட்டையும் கொட்டகையையும் மாடுகளையும் சுற்றி வீடியோ எடுங்கள். என்ன இருந்தது என்று காட்டப் பிறகு உதவும்.

8. பற்றிக்கொண்டால்

மனிதர்கள் முதலில், அப்புறம் மாடுகள். மாட்டின் கயிற்றை அவிழ்க்க நேரமில்லை என்றால் அறுத்துவிடுங்கள். கொட்டகையில் ஓர் அரிவாள் எட்டும் உயரத்தில் எப்போதும் இருக்க வேண்டும். 101 அல்லது 112-ஐ அழைத்து ஊர்ப் பெயர், பக்கத்துப் பெரிய ஊர், வரும் வழி மூன்றையும் சொல்லுங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர்கள் இங்கே உண்டு. மின்னிணைப்பை நிறுத்தச் சொல்லி, அது நின்றது உறுதியாகும் முன் கம்பி அருகே தண்ணீர் ஊற்ற வேண்டாம். எரிகிற போரைக் காப்பாற்றப் பார்ப்பதைவிடப் பக்கத்துக் கூரையை நனைப்பதுதான் பலன் தரும்.

ஊர் மக்களே அணைத்துவிட்டாலும் தீயணைப்பு நிலையத்துக்கு அழைப்புப் போயிருக்க வேண்டும். ‘அணைஞ்சிடுச்சு, எதுக்கு வண்டி’ என்று பலர் அழைப்பதில்லை. அழைப்பு இல்லையென்றால் நிலையத்தில் பதிவு இல்லை, பதிவு இல்லையென்றால் சான்றும் இல்லை. வண்டி வருவதற்குக் கட்டணம் கிடையாது.

9. எரிந்த பிறகு: எந்தத் தாள், எந்த வரிசையில்

சாம்பலை அள்ளாதீர்கள். உறவினர் வந்து நல்லெண்ணத்தில் சுத்தம் செய்யத் தொடங்குவார்கள், தடுத்துவிடுங்கள். நான்கு மூலையிலிருந்தும் படம் எடுங்கள்.

அன்றே வி.ஏ.ஓ.வுக்குத் தொலைபேசியில் சொல்லி, எழுத்திலும் கொடுங்கள். கிராம உதவியாளர் வந்து பார்த்தாலும் வி.ஏ.ஓ. நேரில் பார்த்து எழுதும் அறிக்கைதான் வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாருக்குப் போகும். சேதப் பட்டியலை நீங்களே ஒரு வெள்ளைத் தாளில் தயாராக எழுதி வையுங்கள். எது முழுச் சேதம், எது பகுதிச் சேதம் என்பதில் தொகை மாறும். கையெழுத்துப் போடும் முன் மகசரை முழுதாகப் படியுங்கள்.

மாடோ ஆடோ இறந்திருந்தால் புதைக்கும் முன் கால்நடை மருத்துவர் பரிசோதித்துச் சான்று தர வேண்டும். வெயில் காலத்தில் உடனே புதைத்துவிடத்தான் தோன்றும். சான்று இல்லாமல் நிவாரணமும் இல்லை, காப்பீடும் இல்லை. 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் உதவும்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். காப்பீட்டுக்கும் எரிந்த ஆவணங்களுக்கு நகல் வாங்கவும் அதைக் கேட்பார்கள்.

அடுத்து தீயணைப்பு நிலைய அலுவலருக்கு, தீ விபத்துச் சான்று கேட்டு மனு. ஆதார் நகலும் வி.ஏ.ஓ. அறிக்கை இருந்தால் அதன் நகலும் இணையுங்கள். சான்று அங்கேயே கிடைக்குமா, மாவட்ட அலுவலகத்திலிருந்து வருமா, கட்டணம் உண்டா என்று அன்றே கேட்டு, கட்டியதற்கு ரசீது வாங்குங்கள். சான்று கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். நாள், நேரம், புல எண், பெயர், எரிந்த பொருட்கள், காரணம் எல்லாம் சரியா என்று பார்க்க வேண்டும். மின்கம்பிதான் காரணம் என்றால் அது சான்றில் இருக்க வேண்டும். மின்வாரியத்திடம் இழப்பீடு கேட்பதற்கு மின் ஆய்வாளரின் விசாரணை அறிக்கையும் வேண்டும், அதற்குத் தனியாக மனு கொடுங்கள்.

எல்லா மனுவையும் இரண்டு பிரதியாகக் கொண்டு போய், இரண்டாவதில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ஓர் அலுவலகத்தில் எங்களிடம் முத்திரை தேவையில்லை என்று சொல்லி மனுவை வாங்கிக்கொண்டார்கள். சில வாரம் கழித்துக் கேட்டபோது அப்படி ஒரு மனுவே வரவில்லை என்றார்கள். அதன்பிறகு முத்திரை தராத இடத்துக்கெல்லாம் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்பினோம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். முதல்வர் உதவி மையத்தின் 1100-ல் பதிந்தாலும் எண் தருவார்கள்.

தொகையைப் பற்றி. வீடு எரிந்தால் வருவாய்த் துறையினர் அரிசி, வேட்டி, சேலையோடு உடனடி உதவி தருவார்கள். மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு 2022–26 காலத்துக்கு வகுத்த அளவில், முழுதும் அழிந்த குடிசைக்கு ரூ.8,000, துணிமணிக்கு ரூ.2,500, பாத்திரத்துக்கு ரூ.2,500, பால் மாட்டுக்கு ரூ.37,500, ஆட்டுக்கு ரூ.4,000, வீட்டோடு சேர்ந்த கொட்டகைக்கு ரூ.3,000. வைக்கோலுக்கென்று அந்தப் பட்டியலில் தனித் தொகை இல்லை. இந்தத் தொகையில் வீடு எழும்பாது என்பது உண்மை. அதனால் குடிசை எரிந்தவர்கள் அதே நேரத்தில் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்துக்கும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுங்கள். 2024-ல் தொடங்கியபோது அதில் ஒரு வீட்டுக்கு ரூ.3.5 லட்சம்.

காற்றில் பயிர் சாய்ந்திருந்தால் வி.ஏ.ஓ.வோடு வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலரும் சேர்ந்து பார்க்க வேண்டும். அரசு நிவாரணம் அறிவித்தால் 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான வயல்தான் கணக்கில் வரும். அதே விதிமுறையில் பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000, பல்லாண்டுப் பயிருக்கு ரூ.22,500, இரண்டு ஹெக்டேர் வரை. சாய்ந்ததை வெட்டி அப்புறப்படுத்தும் முன் படம் எடுத்து வையுங்கள்.

10. காப்பீடு: எது வரும், எது வராது

பிரதமர் பயிர்க் காப்பீட்டில் தனி வயல் கணக்கில் பார்க்கும் இழப்புகளில் ஆலங்கட்டி மழையும் மின்னலால் பற்றிய தீயும் உண்டு. மனிதர் கையால் வந்த தீ அதில் சேராது. வீட்டுக்கு வந்துவிட்ட வைக்கோல்போரும் சேராது. வெறும் காற்றில் சாய்ந்ததை வட்டார விளைச்சல் கணக்கில்தான் பார்ப்பார்கள். மின்னல் தீ என்றால் 72 மணி நேரத்துக்குள் 14447-ல் சொல்லிப் பதிவு எண் வாங்க வேண்டும். பிரீமியத்தில் விவசாயியின் பங்கு காரீப் பருவத்துக்கு 2 சதவீதம், ராபிக்கு 1.5, தோட்டப் பயிருக்கு 5. கடைசித் தேதி பயிருக்குப் பயிர் மாறும், பொதுச் சேவை மையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கேளுங்கள்.

மாட்டுக் காப்பீட்டில் காதில் தோடு (எண் பொறித்த அடையாள வில்லை) இல்லையென்றால் பணம் இல்லை. தோடு அறுந்து விழுந்தால் உடனே மருந்தகத்தில் சொல்லி மறுபடி போட்டு, புதிய எண்ணைப் பாலிசியில் ஏற்றச் சொல்லுங்கள். எரிவாயு சிலிண்டரால் தீ வந்திருந்தால் எண்ணெய் நிறுவனங்கள் எடுத்திருக்கும் காப்பீடு ஒன்று உண்டு. அதற்கு முகவரிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் அப்படியே வைத்திருக்க வேண்டும். பிரதமர் சுரக்ஷா பீமாவுக்கு ஆண்டுக்கு ரூ.20 வங்கியில் பிடிக்கிறார்களா என்று வீட்டில் உள்ள எல்லாக் கணக்கிலும் பாருங்கள். விபத்து மரணத்துக்கு ரூ.2 லட்சம்.

11. எரிந்த தாள்களைத் திரும்ப வாங்குவது

ஆதாரையும் குடும்ப அட்டையையும் முதலில் எடுங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் இவற்றைத்தான் கேட்பார்கள். இ-சேவை மையத்தில் சிறு கட்டணம் ஆகும். பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும், ஆவண எண்ணும் ஆண்டும் தெரிந்தால் வேலை எளிது. தெரியாவிட்டால் வில்லங்கச் சான்று போட்டுக் கண்டுபிடிக்கலாம். வங்கிப் புத்தகத்தைக் கிளையில் ஒரு கடிதத்தோடு வாங்கிவிடலாம்.

நாள் பிடிப்பது பிள்ளைகளின் மதிப்பெண் சான்றுதான். பள்ளி, வருவாய்த் துறை, தேர்வுத் துறை என்று மனு கைமாறிப் போகும். பங்குனியில் எரிந்தால் கல்லூரிச் சேர்க்கை தொடங்க அதிக நாள் இருக்காது. அதனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், கூரை போடும் வேலையோடு சேர்த்து அந்த மனுவையும் அதே வாரத்தில் கொடுத்துவிடுங்கள். மனு கொடுத்ததற்கான ரசீதையும் காவல் நிலைய மனு ரசீதையும் கல்லூரியில் காட்டி அவகாசம் கேட்கலாம்.